மணல்மேட்டின் மேல் ஒரு சைக்கிள் பாதை: ஈசிஆரின் இரு பக்கமும்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னையின் திருவான்மியூரைத் தாண்டினால், ஹெல்மெட்டும் இறுக்கமான ஜெர்சியுமாகச் சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போவதைப் பார்க்கலாம். முட்டுக்காடு பாலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள், கோவளத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள், மாமல்லபுரம் போய் இட்லி வடை சாப்பிட்டால்தான் ஞாயிறு நிறைவாகும் என்கிறவர்கள் என்று பல ரகம். திரும்பி வந்ததும் சராசரி வேகம் எவ்வளவு என்று பேசிக்கொள்வார்கள். எதன் மேல் போய்விட்டு வந்தோம் என்று பேசுகிறவர்கள் குறைவு.

கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) ஒரு மணல்மேட்டின் மேல் ஓடுகிறது. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் கழிமுகமும், நடுவில் நீளமான ஒடுங்கலான மணல்வரிசை. வழியில் பார்க்கிற குப்பம், கோட்டை, உப்பளம், கோயில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எல்லாமே இந்த அமைப்பிலிருந்து பிறந்தவை. இது மனதில் பதிந்துவிட்டால், திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரையிலான நாற்பத்தைந்து கிலோமீட்டர்ச் சொச்சமும் வேறு மாதிரி தெரியும்.

சாலைக்கு வயது ஒன்றும் அதிகமில்லை. கடலோர ஊர்களுக்குள் ஓடிய துண்டுச் சாலைகளை 1990-களில் அகலப்படுத்தி, ஒன்றோடொன்று இணைத்துப் புதுச்சேரி வரை ஒரே நெடுஞ்சாலையாக்கினார்கள். 2002-லிருந்து சுங்கச்சாவடி. அதற்கு முந்தைய காலத்தில் இந்த ஊர்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மேற்கே பழைய மாமல்லபுரம் சாலை வழியாகச் சுற்றி வந்தார்கள். சரக்கு கால்வாயில் வந்தது. ஊர்களின் முகம் கடலையும் கால்வாயையும் பார்த்துத்தான் இருந்தது. சாலை அவற்றின் முதுகுப் பக்கமாக வந்து சேர்ந்தது. அதனால்தான் ஈசிஆரை விட்டு இறங்காமல் நேராகவே போகிறவருக்குக் கண்ணில் படுவது மதில், திருமண மண்டபம், ரிசார்ட் பலகை, பிரியாணிக் கடை. ஊர் கண்ணில் படாது.

மணலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீலாங்கரையிலோ பனையூரிலோ கடலை நோக்கி ஏதாவது ஒரு சந்தில் இறங்குங்கள். வீடுகள் முடிகிற இடத்தில், இன்னும் சமன்படுத்தப்படாத மணல்மேடு கொஞ்சம் மிச்சமிருந்தால், அதன் மேல் ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலையோடு ஊதாப்பூப் பூத்த கொடி படர்ந்திருக்கும். அதுதான் அடும்பு, நெய்தல் திணைப் பாட்டுகளில் தலைவனின் தேர் வழியெல்லாம் படர்ந்து கிடக்கிற அதே கொடி. பக்கத்திலேயே முள்ளுருண்டையாகக் காற்றில் உருண்டு ஓடுகிற ராவணன் மீசை. இந்த இரண்டும் வேர்விட்டுப் பிடித்துக்கொள்வதால்தான் காற்றில் வருகிற மணல் தங்கி மேடாகிறது.

மேட்டின் பெரிய வரம் தண்ணீர். மழை மணலில் சட்டென்று இறங்கிவிடும். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது என்பதால் கீழே இருக்கிற கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்கிற பழைய கணக்கு. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் கிணறு வெட்டினாலும் குடிக்கத் தண்ணீர் வந்ததன் ரகசியம் இது. இதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் பயமாக இருக்கும்: மேலே ஒரு மீட்டரை உறிஞ்சினால் கீழிருந்து நாற்பது மீட்டருக்கு உப்பு ஏறி வரும். திருவான்மியூர் முதல் முட்டுக்காடு வரையிலான இந்தக் கடலோர நீர்த்தாங்கியிலிருந்து குடிநீர் வாரியமும் எடுத்தது, லாரிக்காரர்களும் எடுத்தார்கள், பங்களாக்காரர்களும் எடுத்தார்கள். சென்னையில் நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987-லேயே சட்டம் வந்தது. ஆனாலும் ஈசிஆர் சந்துகளில் தண்ணீர் லாரி நிற்காத நாள் இல்லை.

நல்ல தண்ணீர் கிடைத்த மேட்டில் ஊர்கள் இரட்டை இரட்டையாக அமைந்தன. பனையூர், பனையூர்க் குப்பம், கானத்தூர், ரெட்டிக்குப்பம், நெம்மேலி, நெம்மேலிக் குப்பம். மேற்கே பயிர் செய்கிறவர்கள், கிழக்கே கடலுக்குப் போகிறவர்கள். காலை ஏழு மணிவாக்கில் குப்பத்துப் பக்கம் இறங்கினால் பைபர் படகுகள் கரையேறியிருக்கும். சங்கரா, நெத்திலி, காரப்பொடி என்று கூடை கூடையாக மணலிலேயே ஏலம் நடக்கும். ஒரு வேண்டுகோள். சைக்கிளை வலை மேல் ஏற்றிவிடாதீர்கள். மணலில் விரித்துப் போட்டிருக்கிற வலை, பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. கிழித்துவிட்டால் ஒருவரின் ஒரு நாள் பிழைப்பு போச்சு.

இந்தக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே மாணவர்கள் இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பது 1988-லிருந்து தொடர்ந்து நடக்கிறது. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்து நகரும் இயல்புடையவை. இருட்டான கரையில் கடல்தான் வெளிச்சமாகத் தெரியும். இப்போது ஈசிஆர் வீடுகளின் விளக்கும் தெரிகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் செத்து ஒதுங்கிய ஆமைகள் ஆயிரத்தைத் தாண்டின. இழுவலையில் சிக்கி மூச்சு முட்டிச் சாவதுதான் முக்கியக் காரணம் என்று பேசப்பட்டது.

இனி மேற்குப் பக்கம். கால்வாயின் கதை 1806-ல் வடக்கே தொடங்குகிறது. பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய வாய்க்கால் படிப்படியாக நீண்டு, கடைசியில் ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளமாயிற்று. சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர்த் துண்டு, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த மக்களைக் கொண்டு நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரைக் கால்வாய் தாங்கியது. மண் சுமந்தவர்கள் பெயர் எதுவும் எங்கும் இல்லை. விறகும் உப்பும் நெல்லும் இதில் வந்தன. 1965, 1966 புயல்களில் சேதமான பிறகு படகுப் போக்குவரத்து தேய்ந்துபோனது.

போக்குவரத்து போனாலும் கால்வாய்க்கு வேலை போகவில்லை. தென்சென்னையின் வெள்ளம் வடிய இதுதான் வழி. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேருகிற தண்ணீர் ஒக்கியம் மடு வழியாகக் கால்வாயில் இறங்கி, தெற்கே ஓடி, முட்டுக்காட்டில் கடலைச் சேர்கிறது. வேளச்சேரியில் பெய்த மழையும் தாம்பரம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீரும், நீங்கள் சைக்கிளை நிறுத்திப் படம் எடுக்கிற முட்டுக்காடு பாலத்தின் கீழேதான் போகின்றன. 2022-ல் பள்ளிக்கரணைக்கு, உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலம் என்கிற ராம்சார் தகுதி கிடைத்தது. சுமார் 1,248 ஹெக்டேர். ஒரு காலத்தில் இருந்த பரப்போடு ஒப்பிட்டால் இது மிச்சம் மீதிதான். பெருங்குடிக் குப்பைக் கிடங்கும், ஐ.டி. கட்டடங்களும், சதுப்பை ஊடறுத்துப் போகிற துரைப்பாக்கம்-பல்லாவரம் ரேடியல் சாலையும் மற்றதை எடுத்துக்கொண்டன. அந்தச் சாலையில் சைக்கிளில் போனால் ஒரு பக்கம் நீலத் தாழைக்கோழியும் நாமக்கோழியும், இன்னொரு பக்கம் குப்பை நாற்றமும். நாற்றத்துக்குப் பயந்து போகாமல் இருக்காதீர்கள். ஈசிஆர் பயணத்தின் தொடக்கம் உண்மையில் அங்கேதான் இருக்கிறது.

முட்டுக்காட்டில் பாலத்தின் நடுவே நிற்க இடமில்லை. தாண்டிப் போய் ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். கிழக்கே பார்த்தால் கழிமுகத்தின் வாய். கோடையில் அலைகள் மணலைக் கொண்டுவந்து போட்டு வாயை அடைத்துவிடும். வடகிழக்குப் பருவமழை கொட்டியதும் உள்ளிருந்து வருகிற வெள்ளம் உடைத்துக்கொண்டு வெளியேறும். அடைப்பும் திறப்பும் மாறி மாறி நடப்பதால் உள்ளே உவர்ப்பும் கூடிக் குறையும். இறாலுக்கும் மடவைக்கும் அந்த ஏற்ற இறக்கம்தான் வேண்டும். ஆழமில்லாத இடத்தில் சிலர் மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்த நிலையில் நகர்ந்துகொண்டிருப்பார்கள். இரண்டு கையும் சேற்றைத் துழாவும். பிடித்த இறாலை, பல்லால் கடித்துப் பிடித்திருக்கிற ஓலைப்பையில் போடுவார்கள். பறி என்று அதற்குப் பெயர். வலையும் இல்லை, படகும் இல்லை, விரல்தான் கருவி. குளிர்காலத்தில் அதே ஆழமற்ற நீரில் பவளக்கால் உள்ளான்களும் கூழைக்கடாக்களும் நிற்கும், அதிர்ஷ்டமிருந்தால் பூநாரைகளும்.

பாலத்துக்கு முன்பே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக்கிராமம் இருக்கிறது. 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் கலைஞர்கள் கைவினைப் பொருட்கள் விற்ற பணத்தில் தாங்களே இடம் வாங்கி அமைத்தது. முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா. இரண்டும் காலை ஆறு மணிக்குத் திறந்திருக்காது என்பதால் சைக்கிள்காரர்கள் பெரும்பாலும் வாசலைத்தான் பார்த்திருப்பார்கள்.

கோவளத்தில் இறங்காமல் போகக் கூடாது. ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் இதற்கு சாதத் பந்தர் என்று பெயர். துறைமுகமாக வளர்க்கப் பார்த்தார்கள். 1720 வாக்கில் ஆஸ்டெண்ட் கம்பெனிக்காரர்கள் இங்கே கடை விரித்தார்கள். இன்றைய பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் நகரத்திலிருந்து, ஆஸ்திரியப் பேரரசரின் ஆதரவில் வந்த வணிகர்கள். இங்கிலாந்தும் ஹாலந்தும் நெருக்கியதில் அந்தக் கம்பெனியே சில ஆண்டுகளில் மூடப்பட்டது. பிறகு இங்கிருந்த கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனது. 1752-ல் ராபர்ட் கிளைவ், பயிற்சி போதாத புதுப் படையாட்களை வைத்துக்கொண்டே இதைப் பிடித்து, அப்படியே செங்கல்பட்டையும் பிடித்தார். கோவளம் கோட்டை தகர்க்கப்பட்டது. அது நின்ற இடத்தில் இன்று நட்சத்திர விடுதி.

பாண்டிச்சேரி, மதராஸ், தரங்கம்பாடி, சதுரங்கப்பட்டினம் என்று இந்தக் கரையில் ஆளுக்கொரு கோட்டை கட்டியவர்கள் எல்லோரும் பார்த்தது ஒரே விஷயத்தைத்தான்: கப்பலுக்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர், பின்னால் நெசவு ஊர்கள். கப்பல் கரைக்கு வர வழியில்லாத கடல் இது. தூரத்தில் நங்கூரம் போட்டு, அலையைத் தாண்டுகிற மசூலாப் படகில் ஏற்றி இறக்க வேண்டியதுதான். துறைமுகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத இந்தக் கரைக்காக இவ்வளவு சண்டை நடந்தது, துணிக்காக.

கோவளம் ஊருக்குள் மீனவர் தெருக்களுக்கு நடுவே கார்மேல் மாதா கோயில், பக்கத்திலேயே தமீம் அன்சாரி தர்கா. கோயிலைக் கட்டியவர் ஜான் டி மாண்டி என்ற போர்த்துகீசிய வழி வணிகர், கல்லறையும் அங்கேயே. ஆழ்வார்பேட்டையில் பேய்க்கதைகளால் பேர்போன டிமாண்டி காலனி இவர் பெயரில்தான். பேயைத் தேடி ஆழ்வார்பேட்டைக்குப் போகிறவர்கள், ஆள் இங்கே கோவளத்தில் நிம்மதியாகத் தூங்குகிறார் என்பதை அறிவதில்லை. கடற்கரையில் இப்போது அலைச்சறுக்குப் பயிற்சிப் பள்ளிகள். சொல்லித் தருகிறவர்களில் பலர் மீனவ இளைஞர்கள். கோவளம் கடற்கரைக்கு 2021-ல், சுத்தமான கடற்கரைகளுக்குத் தருகிற நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது.

இங்கிருந்து நேராகத் தெற்கே போகாமல் மேற்கே கேளம்பாக்கம் சாலையில் திரும்புங்கள். இந்தப் பயணத்தின் மிக நல்ல சில கிலோமீட்டர்கள் இதுதான் என்பது என் கட்சி. சாலை கழிமுகத்தைக் கடக்கிறது. இரு பக்கமும் நீர்ப்பரப்பு, தள்ளி உப்பளப் பாத்திகள். கோவளம் உப்பு ஒரு காலத்தில் சென்னைச் சந்தையில் பேர் வாங்கியது. தெற்கே திருப்போரூர்-நெம்மேலி சாலையும் இதே கழியை இன்னொரு இடத்தில் கடந்து ஈசிஆருக்கே கொண்டுவந்து விடும். இந்த இரண்டு குறுக்குச் சாலைகளையும் சேர்த்தால், மணல்மேட்டிலிருந்து இறங்கி, பழைய கழிநிலத்தைத் தாண்டி, அடுத்த மேட்டில் ஏறி, மறுபடி திரும்பி வருகிற ஒரு சுற்று கிடைக்கும். கார்க்காரருக்கு இந்த ஏற்ற இறக்கம் தெரியவே தெரியாது. மிதிக்கிறவரின் முழங்கால் உணரும்.

இந்தப் பரப்பின் எதிர்காலம் இப்போது பேச்சுப்பொருள். கோவளம் உபவடிநிலத்தில், அதாவது இந்தக் கழிக்குத் தண்ணீர் வடிந்து வருகிற பரப்பில், சென்னைக்குப் புதிய குடிநீர் நீர்த்தேக்கம் அமைக்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. மழைக்காலத்தில் கடலுக்கு வீணாகப் போகிற வெள்ளத்தைத் தேக்குவது நோக்கம். உவர்நீர் நல்ல நீரானால் இறாலும் நண்டும் போய்விடும், முகத்துவாரத்தை உடைத்துத் திறக்கும் வெள்ளத்தின் வேகமும் குறையும் என்பது மீனவர்களின் கவலை. சென்னைக்குத் தண்ணீர் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் கடலுக்குப் போகிற தண்ணீர் எல்லாம் வீண் என்கிற கணக்கை என்னால் ஒப்ப முடியவில்லை. அந்த 'வீண்' தண்ணீரில்தான் பறியைக் கடித்துக்கொண்டிருக்கிறவர்களின் சோறு இருக்கிறது.

கோவளத்துக்குத் தெற்கே திருவிடந்தை. திருமங்கையாழ்வார் பாடிய நித்தியகல்யாணப் பெருமாள். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலை போட்டுக்கொண்டு பிராகாரம் சுற்றுவார்கள். அடுத்து வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை. பிறகு நெம்மேலிக் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை: 2013-ல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024-ல் பக்கத்திலேயே இன்னும் 15 கோடி லிட்டர். மணல்மேட்டுக் கிணற்றை உறிஞ்சி முடித்த நகரம் கடலையே வடிகட்டிக் குடிக்க வந்துவிட்டதன் அடையாளம் இது. மதிலைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

சாளுவன்குப்பத்தில் புலிக்குகையோடு திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். கொஞ்சம் வடக்கே நடந்தால் பள்ளத்தில் ஒரு செங்கல் கட்டுமானம் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமி மணலை அரித்துக்கொண்டு போனபோது இங்கே ஒரு பாறையில் கல்வெட்டு வெளிப்பட்டது. திருவிழிச்சில் என்ற ஊரிலிருந்த சுப்பிரமணியர் கோயிலுக்குக் கொடுத்த கொடையை அது பேசியது. அப்படியொரு கோயில் பக்கத்தில் எங்கும் இல்லை. தொல்லியல் துறையினர் 2005-ல் பாறையை ஒட்டியிருந்த மணல்மேட்டைத் தோண்ட, பல்லவர் காலக் கோயிலின் அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில் கிடைத்தது. முன்னால் கல்லில் வேல். கடல் அள்ளிப் போட்ட மணல் அடுக்குகள், கோயில் முன்பும் பேரலைகளால் சிதைந்திருக்கலாம் என்பதைக் காட்டின. வழிநெடுகப் பார்த்த அதே மணல், ஒரு கோயிலையே விழுங்கி, பல நூறு வருஷம் வைத்திருந்து, ஒரே காலையில் அதன் விலாசத்தைக் கொடுத்துவிட்டது.

மாமல்லபுரத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு ஏராளமானோர் இருக்கிறார்கள். தெம்பிருந்தால் இன்னும் பதினைந்து கிலோமீட்டர்ச் சுமாருக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம் போகலாம். மெல்லிய மஸ்லின் துணிக்காக டச்சுக்காரர்கள் வந்து, செங்கல்லில் கோட்டை கட்டி, 1825 வாக்கில் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயர் ஹியூசும் மோதிய கடற்போர் இதற்கு எதிரேதான் நடந்தது. கோட்டைக்குள் கிடங்கறைகளும், டச்சு எழுத்துகளை நுணுக்கமாகச் செதுக்கிய கல்லறைக் கற்களும் இருக்கின்றன. பக்கத்து வானத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம். அதிகாலையில் போனால் கோட்டைக் கதவு பூட்டியிருக்கும், ஆகவே இந்த இடத்துக்கு மட்டும் தாமதமாகப் போவதே புத்திசாலித்தனம்.

கடைசியாகக் காற்று. புதிதாக வருகிறவர்கள் தூரத்தைக் கணக்குப் போடுவார்கள், காற்றை மறந்துவிடுவார்கள். கோடையில் முற்பகல் ஏற ஏறக் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து எழும். தெற்கே போகும்போது முகத்தில் அறைந்தாலும் திரும்பும்போது முதுகைத் தள்ளும். நவம்பர் முதல் ஜனவரி வரை தலைகீழ்: வாடைக்காற்றில் மாமல்லபுரம் வரை பறந்துவிட்டு, களைத்துத் திரும்பும்போதுதான் எதிர்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பறவைகளுக்கு நல்ல பருவமும் அதுதான் என்பதால் வேறு வழியில்லை. பாதி பலத்தைத் திரும்பும் வழிக்கு மிச்சம் பிடியுங்கள். ஈசிஆரில் பொழுது விடிந்து வெயில் ஏறிவிட்டால் கார்களின் வேகம் சைக்கிளுக்கு ஆகாது. ஏழரைக்குள் குறுக்குச் சாலைகளுக்குள் நுழைந்துவிடுவது நல்லது. குறுக்குச் சாலைகளின் ஓரமெல்லாம் சீமைக்கருவேலம். ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயரில் அந்த முள் ஏறினால் ட்யூப் அங்கேயே போய்விடும், பஞ்சர் கடை கேளம்பாக்கத்திலோ திருப்போரூரிலோதான். ஸ்பேர் ட்யூப் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வீடு வந்ததும் செயினில் ஒட்டிய உப்புக்காற்றைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.